காப்பகத்தில் இடமில்லாத அளவுக்கு நாய்கள்... தத்தெடுக்கப் போனால் மட்டும் ஏன் இத்தனை கேள்விகள்?

கையில் பணம் இருந்தால் ஒரு லாப்ரடார் குட்டியை அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஜிபே பண்ணினால் வேலை முடிந்தது. ஆனால், காசு வாங்காமல் கொடுக்கும் ஒரு நாட்டு நாய்க்குட்டிக்காகக் காப்பகத்தை அணுகினால் கதையே வேறு. பக்கம் பக்கமாக விண்ணப்பம், வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டுவது, ஹவுஸ் ஓனர் கடிதம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். கடைசியில், "சாரி, உங்க வீட்டுக்கு செட் ஆகாது" என்று பதில் வந்தாலும் வரலாம்.

"ரோட்டுல கிடக்குற நாயைத்தானே கேக்குறோம்... இதுக்குப் பொண்ணு கேக்கப் போன மாதிரி இத்தனை விசாரணையா?" என்ற கோபம் பலருக்கு உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. சென்னை மாநகராட்சியின் 2024-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி நகரத் தெருக்களில் இருப்பவை சுமார் 1.8 லட்சம் நாய்கள். 2018-ல் இந்த எண்ணிக்கை 57 ஆயிரத்துச் சொச்சம்தான். காப்பகங்களோ நிரம்பி வழிகின்றன. வீடு தேடும் நாய் ஒரு பக்கம், நாய் தேடும் வீடு இன்னொரு பக்கம். அப்புறம் எங்கேதான் சிக்கல்?

அப்படி என்னதான் கேட்கிறார்கள்?

ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஒரு முறை. ஆனாலும் அடிப்படைக் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். சொந்த வீடா, வாடகையா? வீட்டில் எத்தனை பேர், எல்லோருக்கும் சம்மதமா? பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்கு முன் நாய் வளர்த்திருந்தால், அது இப்போது எங்கே?

பூனை கேட்டுப் போனால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்தாவது மாடியிலிருந்து குதித்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பது நம்மூரில் பரவலான நம்பிக்கை. மாடியிலிருந்து விழுந்து கால் உடைந்து, தாடை உடைந்து வரும் பூனைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு அடையாள அட்டை நகல், ஒப்புதல் கடிதம். உரிய வயதில் கருத்தடை செய்ய வேண்டும், யாருக்கும் கைமாற்றிவிடக் கூடாது, வளர்க்க முடியாமல் போனால் காப்பகத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பவை அதில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகள். சில மாதங்களுக்கு போட்டோ அனுப்பச் சொல்வதும் உண்டு.

கடைக்காரர் இதில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. குட்டி கைமாறியதும் அவர் பொறுப்பு முடிந்துவிடுகிறது. காப்பகத்தின் நிலைமை அப்படி இல்லை. கொடுத்த நாய் திரும்பி வந்தால் அதைக் கூண்டில் வைத்துச் சோறு போட வேண்டியது அவர்கள்தான். திரும்பி வராமலே போய்விட்டால் அதைவிட மோசம்.

திருப்பி விடுவதற்கான காரணங்கள்

"வீடு மாறுறோம்", "குழந்தை பிறந்திருக்கு", "அத்தைக்குப் பிடிக்கல", "ரொம்பக் குலைக்குது, பக்கத்து வீட்டுல சண்டை", "பையன் வெளிநாடு போயிட்டான், எங்களால முடியல". தன்னார்வலர்கள் சலிக்கச் சலிக்கக் கேட்கும் வரிகள் இவை. இதில் பெரும்பாலானவை பொய்யான காரணங்கள் அல்ல என்பதுதான் கஷ்டம். நாயைக் கேட்டு வந்த நாளில் உண்மையாகவே ஆசைப்பட்டுத்தான் வந்திருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து வீட்டு நிலைமை என்ன என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

குட்டியாகப் போன நாய் இரண்டு வயதில் திரும்பி வந்தால் அதற்கு மறுபடி வீடு கிடைப்பது மிகக் கடினம். கட்டிலுக்கு அடியில் தூங்கிப் பழகியது, நாற்பது நாய்கள் குலைக்கும் இடத்தில் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும். சில நாய்கள் கடிக்கத் தொடங்கும். கடிக்கிற நாய் என்று பெயர் வாங்கிவிட்டால் அதை யாருக்கும் கொடுக்க முடியாது.

காப்பகத்தில் விடக் கூச்சப்பட்டு, இரவோடு இரவாக ஊருக்கு வெளியே காரிலிருந்து இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தெருவில் பிறந்த நாய்க்கு எல்லை தெரியும், எந்த டீக்கடையில் பிஸ்கட் கிடைக்கும் என்று தெரியும், வண்டி வந்தால் ஒதுங்கத் தெரியும். வீட்டில் வளர்ந்த நாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது. அந்த ஏரியா நாய்கள் அதை உள்ளே விடவும் செய்யாது.

இதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லையா? இருக்கிறது. பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகள் ஆகியும் அந்தத் தொகை மாறவில்லை. சட்டம் பயமுறுத்தாத இடத்தில், நாயைக் கொடுப்பதற்கு முன்பே வடிகட்டுவதைத் தவிர காப்பகத்திடம் வேறு ஆயுதம் இல்லை. கேள்விகள் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

11 மாத ஒப்பந்தம்... 12 வருட நாய்

தத்தெடுப்பில் மிகப் பெரிய முட்டுக்கட்டை காப்பகமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. வாடகை வீடுதான்.

நாட்டு நாய் ஒன்று வீட்டில் நன்றாகப் பராமரிக்கப்பட்டால் 12 முதல் 15 வருடம் வரை சாதாரணமாக வாழும். நம்மூர் வாடகை ஒப்பந்தம் 11 மாதம். அதாவது அந்த நாயின் ஆயுளுக்குள் நான்கு, ஐந்து வீடுகள் மாற வேண்டியிருக்கலாம். இப்போதைய ஓனர் நல்லவர், சம்மதித்துவிட்டார். சரி, அடுத்த ஓனர்? "நாய் இருந்தா வீடு இல்லீங்க" என்று போனிலேயே சொல்லிவிடும் ஓனர்கள் சென்னை, கோவை, மதுரை என்று எங்கும் உண்டு. அட்வான்ஸ் கொடுத்து, சாமான் ஏற்ற வேண்டிய கடைசி வாரத்தில் நாய்க்கு இடம் இல்லை என்று தெரியவரும்போதுதான் காப்பகத்துக்கு போன் போகிறது.

காப்பகம் ஹவுஸ் ஓனர் கடிதம் கேட்பது இந்த வீட்டுக்காக. ஆனால், உண்மையில் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அடுத்த வீட்டைப் பற்றி. வீடு கிடைக்காவிட்டால் நாயோடு சேர்ந்து இன்னும் ஒரு மாதம் தேடுவாரா, நாயை விட்டுவிட்டுப் போவாரா என்பதுதான் அந்தக் கேள்வி. அதை எந்தக் கடிதமும் சொல்லாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலைமை கொஞ்சம் வேறு. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணி வளர்க்கத் தடை விதிக்க முடியாது. லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவும் முடியாது. இப்படித் தடை போடும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-ல் சொல்லியிருக்கிறது. எனவே செயலாளர் வாட்ஸ்ஆப் குரூப்பில் மிரட்டினால் பயப்பட வேண்டாம். அதே நேரம் தடுப்பூசி போடுவதும், பொது இடத்தில் நாய் அசுத்தம் செய்தால் சுத்தம் பண்ணுவதும் வளர்ப்பவர் கடமை. படிக்கட்டில் கிடப்பதை எடுக்காமல் சட்டம் பேசினால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் துணைக்கு வர மாட்டார்கள்.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம், இது சங்கத்துக்குப் பொருந்தும் விதி. தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்யும் ஓனரை இது கட்டாயப்படுத்தாது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும் என்கிறது. நாய் வளர்க்க அனுமதி உண்டு என்ற ஒரு வரியை அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது, வாய்வார்த்தையாக வாங்கும் சம்மதத்தைவிடப் பலம். பெயின்ட், கதவு கீறலுக்குத் தனியாக ஒரு தொகை தருகிறோம் என்று சொன்னால் இறங்கி வரும் ஓனர்களும் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் குட்டி வேண்டும், அதுவும் ஆண் குட்டி

காப்பகத்தில் இருப்பதும் கேட்டு வருபவர்கள் எதிர்பார்ப்பதும் பொருந்துவதே இல்லை. வருகிறவர்கள் கேட்பது இரண்டு மாதக் குட்டி, முடிந்தால் ஏதாவது ஒரு ஜாதி நாய், கட்டாயம் ஆண். காப்பகத்தில் இருப்பதோ வளர்ந்த நாட்டு நாய்கள், அதிலும் விபத்தில் ஒரு காலை இழந்தவை, ஒரு கண் போனவை, வயதானதால் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவை.

பெண் குட்டி என்றால் "குட்டி போடும், தொல்லை" என்று ஒதுக்குவது ஊரெல்லாம் இருக்கும் பழக்கம். தெருவில் ஆறு குட்டி பிறந்தால் முதல் வாரத்திலேயே ஆண் குட்டிகள் காணாமல் போய்விடும். மிச்சம் கிடப்பவை பெண் குட்டிகள்தான். கருத்தடை செய்துவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது என்று சொல்லிப் பார்த்தாலும் எடுபடுவதில்லை. காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும் நாயைப் பார்த்து, ஏதோ நோய் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

வேலைக்குப் போகும் தம்பதிக்குக் குட்டியைவிட மூன்று, நான்கு வயது நாய்தான் பொருத்தம். குட்டிக்கு ஒரு நாளில் மூன்று, நான்கு வேளை சாப்பாடு வைக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கூட்டிப் போக வேண்டும், செருப்பு முதல் சார்ஜர் வரை கடித்துக் குதறும். வளர்ந்த நாயின் குணம் என்ன, பூனையைத் துரத்துமா, குழந்தைகளோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் ஏற்கெனவே காப்பகத்துக்குத் தெரிந்திருக்கும். குட்டியில் அதைக் கணிக்க முடியாது. "சின்னதுல இருந்து வளர்த்தாத்தான் பாசம் வரும்" என்ற நம்பிக்கைதான் இவற்றைக் கூண்டிலேயே வைத்திருக்கிறது. தெருநாய் ஒன்றுக்கு ஒரு வாரம் சோறு வைத்தவர்களுக்குத் தெரியும், அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்று.

குட்டி வந்த நாலாவது நாள் வாந்தி

ஆசையாகக் கூட்டி வந்த குட்டி நாலைந்து நாளில் சாப்பிடாமல் படுத்துவிடுகிறது. வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் 'பார்வோ' என்கிறார்கள். சில நாளில் குட்டி இறந்துவிடுகிறது. "நோய் உள்ள குட்டியைத் தெரிஞ்சே தலையில கட்டிட்டாங்க" என்று காப்பகத்தின் மீது ஆத்திரம் வருகிறது.

பல நேரங்களில் காப்பகத்துக்கே அது தெரிந்திருக்காது. பார்வோ வைரஸ் உடலுக்குள் போய் அறிகுறி தெரிய சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். குட்டி துள்ளி விளையாடும்போதே கிருமி உள்ளே இருக்கும். தெருவில் எடுக்கப்பட்ட குட்டி, தடுப்பூசி போடாத தாய், நெருக்கமான கூண்டுகள் என்று பார்வோவுக்கு வேண்டிய எல்லாமே காப்பகத்தில் இருக்கின்றன. தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பல தவணைகள் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு. ஒரு ஊசி போட்டாச்சு என்று காப்பக அட்டையில் இருப்பது தொடக்கம் மட்டுமே.

இன்னொன்று. பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயில் போட்டுத் துடைத்தால் போகாது, பிளீச்சிங் கலந்த நீர் வேண்டும். ஆகவே ஒரு குட்டி பார்வோவில் இறந்த வீட்டுக்கு, துக்கத்தை ஆற்ற உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவருவது ஆபத்து. தடுப்பூசி முழுமையாகப் போட்ட வளர்ந்த நாய் என்றால் அந்தப் பயம் பெரிதாக இல்லை.

வீட்டுக்கு வந்தபின் மூன்று மாதம்

முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம், மூன்று மாதத்தில் "இது நம்ம வீடு" என்ற எண்ணம் என்று நாய் பயிற்சியாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் இந்தக் கணக்கு தெரியாததால்தான் பலர் முதல் வாரத்திலேயே கைவிடுகிறார்கள்.

காப்பகத்திலிருந்து வந்த நாய்க்கு மாடிப்படி ஏறத் தெரியாமல் இருக்கலாம். மிக்ஸி சத்தத்துக்கு நடுங்கலாம். கட்டிலுக்கு அடியில் போய் இரண்டு நாள் வெளியே வராமல் கிடக்கலாம். சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமும், ஏனென்றால் அங்கே பத்து நாய்களோடு போட்டி போட்டுத் தின்று பழகியது. வந்த அன்றே சொந்தக்காரர்களை அழைத்து, ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சி, செல்ஃபி எடுத்தால் அந்த நாய் பல்லைக் காட்டாமல் என்ன செய்யும்? குறிப்பாகச் சின்னக் குழந்தைகளை நாயோடு தனியாக விடவே கூடாது. பல் பட்டுவிட்டால் சின்னக் கீறல்தானே, வீட்டு நாய்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உச்ச நீதிமன்ற உத்தரவால் என்ன மாறியது?

தெருநாய் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் பிறப்பித்த உத்தரவு பெரிதும் பேசப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடக் கூடாது என்ற பகுதிதான் தலைப்புச் செய்தியானது. அதே உத்தரவில் தத்தெடுப்பு பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. விலங்கு ஆர்வலர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், அந்த நாய்க்கு அடையாளம் இடப்படும், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவர் பொறுப்பு என்கிறது அது.

இதன் அர்த்தம் பெரிது. கருத்தடை செய்த தெருநாய்க்குத் திரும்பிப் போக அதன் தெரு இருக்கிறது. தத்தெடுக்கப்பட்ட நாய்க்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7-ல் வந்த உத்தரவு, காப்பகங்களின் சுமையை இன்னும் ஏற்றியது. அதாவது தத்தெடுப்பவர்கள் முன்னெப்போதையும்விட அதிகம் தேவை. தவறான ஆளிடம் கொடுத்தால் வரும் விளைவும் முன்னெப்போதையும்விட அதிகம். காப்பகம் கேள்விகளைக் குறைக்கப் போவதில்லை.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். ஆண்டுக்கு 50 ரூபாய். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவிக்கப்பட்டது. தத்தெடுத்த நாட்டு நாய்க்கும் இது பொருந்தும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கையில் இருக்க வேண்டும். உரிமத்தோடு பொருத்தப்படும் மைக்ரோசிப் அரிசி அளவுதான் இருக்கும், தோலுக்கு அடியில் வைப்பார்கள். யார் நாய் என்பதை அது காட்டிக்கொடுக்கும் என்பதால், இரவில் காரிலிருந்து இறக்கிவிடும் ஆட்களுக்கு 50 ரூபாய் அபராதத்தைவிட இதுதான் பெரிய தடையாக இருக்கும். ஆனால் நாயை மீட்பவர்கள் எல்லோரிடமும் சிப்பைப் படிக்கும் கருவி இருந்தால்தான் அது நடக்கும்.

காப்பகங்கள் மீது தவறே இல்லையா?

இருக்கிறது. "பேச்சிலர்களுக்குக் கொடுப்பதில்லை", "வாடகை வீட்டுக்குக் கொடுப்பதில்லை" என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்தும் இடங்கள் உண்டு. நகரத்தில் தனியாக வாழும் இளைஞர்கள் பலர் நாயைக் குடும்பமாகவே வைத்துக்கொள்கிறார்கள். சொந்த வீட்டில், மொட்டை மாடியில் 24 மணி நேரமும் சங்கிலியில் கட்டிப்போடும் குடும்பமும் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது வீட்டுக்குத்தான் நாய் போகும். விண்ணப்பித்தவருக்குப் பதிலே சொல்லாமல் விடுவது, காரணம் சொல்லாமல் நிராகரிப்பது, இன்ஸ்டாகிராமில் திட்டிப் பதிவு போடுவது இன்னொரு வகை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர் நேராகப் போவது கடைக்குத்தான். அங்கே அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பெரும்பாலான இடங்களில் நடத்துபவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள், வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து பதில் அனுப்புகிறவர்கள் என்பதும் உண்மை. தாமதத்துக்கு அது காரணமாகலாம். ஏளனமாகப் பேசுவதற்கு ஆகாது.

உடனே தத்தெடுக்க முடியாதவர்களுக்கும், நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தற்காலிகப் பராமரிப்பு, அதாவது 'ஃபாஸ்டர்'. அறுவை சிகிச்சை முடிந்த நாயையோ, கண் திறக்காத குட்டிகளையோ சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. பல அமைப்புகளில் மருந்துச் செலவை அவர்களே ஏற்பார்கள், கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவருகிறதா, ஓனர் என்ன சொல்கிறார், காலை ஐந்தரை மணிக்கு யார் எழுந்து நாயைக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் நாய் திரும்பிப் போகும்போது அது கைவிடப்பட்டதாக ஆகாது. ஒத்துவந்தால் அடுத்த விண்ணப்பத்தில் எழுதுவதற்கு அந்த ஒரு மாதமே போதும், ஹவுஸ் ஓனர் கடிதத்தை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.